தலைமைப் பயிற்சியாளர் பதவி வருகிறது. வீரர்களை எடுக்கும் அதிகாரத்தையும் கேட்கலாமா?

வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் நீளமானது. யார், எந்த ஊர், எந்தக் கிளப் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவர் இந்தியர். அமெரிக்காவில் இரண்டாம் அடுக்குத் தொழில்முறைக் கால்பந்து லீகில் ஆடும் ஒரு கிளப்பில் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறார், ஹெச்-1பி விசா. போன சீசன் நடுவில் அவருடைய தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள். தொடர் தோல்விகள் என்று வெளியே சொன்னார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது வேறு. ஒரு ஏஜென்ட் அனுப்பிய வீடியோவை நம்பி ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.) ஒரு ஸ்ட்ரைக்கரை எடுத்தார். தலைமைப் பயிற்சியாளர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஸ்ட்ரைக்கர் கோல் அடிக்கவில்லை, வேலை போனது பயிற்சியாளருக்கு. இப்போது அதே ஜி.எம். அந்த நாற்காலியில் உட்கார நம் வாசகரை அழைக்கிறார். இரண்டு ஆண்டு ஒப்பந்தம், மூன்றாம் ஆண்டு கிளப்பின் விருப்பம். அதில் ஒரு பிரிவு, வீரர்களை எடுப்பதும் விடுவதும் "தலைமைப் பயிற்சியாளரைக் கலந்தாலோசித்து" ஜி.எம். எடுக்கும் முடிவு என்கிறது. நேரில் பேசும்போது மட்டும் ஜி.எம்., "உங்களுக்குப் பிடிக்காத ஆளை நான் எடுக்கவே மாட்டேன்" என்கிறாராம்.

வாசகர் கேட்பவை: கடைசிச் சொல் என்னுடையது என்று எழுதித் தரச் சொல்லலாமா? வாய்ப்பேச்சு வாக்குறுதி போதுமா? நாளை வாக்கை மீறினால் ராஜினாமா செய்துவிட்டு நஷ்டஈடு கேட்க முடியுமா? நண்பர் ஒருவர், "இரண்டு பதவியையும் சேர்த்தே கேள்" என்கிறார், அது சரிவருமா? நடுவில் ஒரு வரி: "ஐரோப்பாவில் எல்லாம் கோச்தானே முடிவு செய்கிறார், இங்கே மட்டும் ஏன் இப்படி?"

அன்புள்ள வாசகருக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகளெல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. ஐரோப்பாவில் கோச் முடிவு செய்கிறார் என்பது பெரும்பாலும் இங்கிலாந்தின் பழைய நினைவு. அங்கே மேலாளர் என்று அழைக்கப்பட்டவர் பயிற்சி, ஆட்ட அணி, வீரர் வாங்கல் விற்றல் எல்லாவற்றையும் பார்த்தார். ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலியில் வீரர்களை எடுப்பதையும் விற்பதையும் பார்க்க ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்ற தனிப் பதவி நெடுங்காலமாக உண்டு. அமெரிக்காவில் அதே வேலைக்கு ஜெனரல் மேனேஜர் என்று பெயர், அவ்வளவுதான். இங்கிலாந்தும் இப்போது அந்தப் பக்கம் வந்துவிட்டது. அங்கே புதிதாக வருகிறவர்களின் பதவிப் பெயரைக் கவனியுங்கள். பல இடங்களில் 'மேலாளர்' போய்த் 'தலைமைப் பயிற்சியாளர்' வந்துவிட்டது.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? கணக்கு எளிது. உங்களுக்குத் தருவது இரண்டு ஆண்டு. எடுக்கப்போகும் வீரருக்கு மூன்று ஆண்டு தரலாம், நான்கும் தரலாம். உங்களுக்காக வாங்கிய ஆள் உங்களுக்கு அடுத்து வருபவரிடம் ஆடுவார். அந்தச் சம்பளத்தைக் கட்டப்போகும் முதலாளி, உங்களைவிட நீண்ட காலம் அங்கே இருப்பார் என்று அவர் நம்பும் ஒருவரிடம் பேனாவைக் கொடுக்கிறார். இதில் உங்களை அவமதிக்கும் நோக்கம் எதுவும் இல்லை.

இன்னொரு காரணத்தை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஒரே ஆளிடம் எல்லா அதிகாரமும் இருந்தால் தப்பு நடக்க இடம் அதிகம். இங்கிலாந்தின் அர்செனல் கிளப் மேலாளர் ஜார்ஜ் கிரஹாம் 1995-இல் வேலையிழந்தார். இரண்டு வீரர்களை எடுத்ததை ஒட்டி ஓர் ஏஜென்டிடமிருந்து 4.25 லட்சம் பவுண்டு பெற்றது வெளியே வந்தது. ஓராண்டுத் தடையும் விழுந்தது. மான்செஸ்டர் யுனைடெட் மேலாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனைப் போன்ற மேதையிடம்கூடச் சறுக்கல் உண்டு. 2010-இல் பெபே என்ற போர்ச்சுகீசிய இளைஞரை, அவர் ஆடுவதைத் தான் பார்க்காமலேயே, தன் முன்னாள் உதவியாளர் கார்லோஸ் கேரோஷின் பரிந்துரையில், சுமார் 74 லட்சம் பவுண்டுக்கு எடுத்தார். அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் ஜி.எம். வீடியோ பார்த்து எடுத்தார் என்று கோபப்படுகிறீர்கள். நியாயம்தான். ஆனால் பேனா கோச்சின் கையில் இருந்தால் அது நடக்காது என்று எண்ண வேண்டாம்.

வாய்ப்பேச்சு எவ்வளவு தாங்கும்?

உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு விடை இரண்டு பழைய ஆங்கில வழக்குகளில் இருக்கிறது. இரண்டையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தப் பேச்சை எடுக்கும் கோச்கள் பலரும் கெவின் கீகன் பெயரைச் சொல்வார்கள். அவர் வழக்கில் எதனால் ஜெயித்தார் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

கீகன் 2008 ஜனவரியில் நியூகாசில் யுனைடெட் மேலாளராகத் திரும்பி வந்தார். பிறகு டென்னிஸ் வைஸ் என்பவரைக் கால்பந்துப் பொறுப்பில் மேலே வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் இக்னாசியோ கொன்சாலெஸ் என்ற உருகுவே வீரரை வேறு கிளப்பிடமிருந்து தற்காலிகமாகக் கடனாக எடுக்க வைஸ் விரும்பினார். கீகன் அவரைக் கேள்விப்பட்டதே இல்லை. யூடியூபில் பாருங்கள் என்றார்கள், பார்த்தார், பிடிக்கவில்லை. கிளப்பில் யாருமே அவர் ஆடி நேரில் பார்த்திருக்கவில்லை. இரண்டு தென்னமெரிக்க ஏஜென்டுகளுக்கு ஒரு சகாயமாக அந்த ஒப்பந்தம் செய்யப்பட்டது என்று கிளப்பே பின்னால் ஒப்புக்கொண்டது. கீகன் செப்டம்பர் தொடக்கத்தில் விலகினார். 2009 அக்டோபரில் பிரீமியர் லீகின் நடுவர் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

எப்படி ஜெயித்தார்? வீரர்கள் விஷயத்தில் கடைசிச் சொல் அவருடையது என்று ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கவில்லை. பிரீமியர் லீக் அணி மேலாளர் ஒருவர் வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்வார் என்று பொதுவாக இருந்தது. அந்த வழக்கத்துக்குள் கடைசிச் சொல்லும் அடங்கும் என்று தீர்ப்பாயம் பொருள் கொண்டது. உங்களுக்கு இந்த வழி இல்லை. உங்கள் பதவிப் பெயர் தலைமைப் பயிற்சியாளர். முடிவு ஜி.எம்.முடையது என்று கறுப்பு வெள்ளையில் எழுதியிருக்கிறார்கள். அவர் உங்களைக் கேட்டுவிட்டு, நீங்கள் வேண்டாம் என்ற பிறகும் எடுத்தால், ஒப்பந்தத்தை மீறவில்லை, ஒப்பந்தப்படி நடக்கிறார்.

அப்புறம், அமெரிக்க ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில் அநேகமாக எப்போதும் ஒரு பிரிவு இருக்கும்: எங்களுக்கிடையே உள்ள உடன்பாடு முழுவதும் இந்தத் தாளில்தான் இருக்கிறது, இதற்குமுன் பேசியது எதுவும் செல்லாது என்று. உங்கள் வரைவில் தேடிப் பாருங்கள், இருக்கும். அதற்குக் கீழே நீங்கள் கையெழுத்திட்ட நொடியில், "பிடிக்காத ஆளை எடுக்கவே மாட்டேன்" என்ற பேச்சு சட்டத்தின் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஜி.எம். பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, மனதாரவே சொல்லியிருக்கலாம். அவரே ஆறு மாதத்தில் வேறு கிளப்புக்குப் போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இரண்டாவது வழக்கு வெஸ்ட் ஹாம் கிளப்பின் மேலாளர் ஆலன் கர்பிஷ்லியுடையது. கீகன் விலகிய அதே வாரத்தில் அவரும் விலகினார். ஆண்டன் ஃபெர்டினாண்ட், ஜார்ஜ் மெக்கார்ட்னி இருவரையும் அவர் விருப்பத்துக்கு எதிராக சண்டர்லாண்டுக்கு விற்றுவிட்டார்கள். வீரர்கள் வருவதிலும் போவதிலும் முடிவு தன்னுடையது என்று கர்பிஷ்லியின் ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தது. அவரும் ஜெயித்தார். கடைசியில் 22 லட்சம் பவுண்டில் சமரசம் ஆனது.

சரி, ஜெயித்தார்கள். பிறகு? கீகன் கேட்ட தொகை மிகப் பெரியது, பெயர் கெட்டதற்கான இழப்பும் சேர்த்து. கிடைத்தது 20 லட்சம் பவுண்டும் வட்டியும், ஏனென்றால் ஒப்பந்தமே அந்த வரம்பைப் போட்டிருந்தது. இருவருக்கும் தீர்ப்பு வர ஓராண்டுக்கு மேல் ஆனது. அதன்பிறகு இருவருமே எந்த அணிக்கும் மேலாளராகவில்லை. வழக்குதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பெயரும் பணமும் ஏற்கெனவே இருந்த மனிதர்கள் அவர்கள். முதல்முறை தலைமைப் பொறுப்பு ஏற்கப்போகும் நீங்கள், விலகல் கடிதத்தைக் கேடயமாக நினைக்கக் கூடாது.

உங்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஹெச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை விட்டாலும் சரி, நீக்கப்பட்டாலும் சரி, அடுத்த ஏற்பாட்டுக்கு அதிகபட்சம் 60 நாள்தான். உதவிப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து தலைமைப் பொறுப்புக்கு மாறுவதால், கிளப் திருத்திய விசா மனு போட வேண்டியிருக்குமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். விசாவைக் குறிப்பிட்ட உங்கள் கடிதத்தில் இந்தச் சிக்கலைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எனக்கு அதுதான் கவலை.

அப்படியானால் கடைசிச் சொல்லைக் கேட்கலாமா?

கேட்கலாம், தர மாட்டார்கள். தந்தாலும் நீங்கள் நினைக்கும் பாதுகாப்பு அதில் இல்லை. லிவர்பூலுக்கு 2012-இல் மேலாளராக வந்த பிரெண்டன் ராட்ஜர்ஸ், தனக்கு மேலே ஒரு கால்பந்து இயக்குநர் கூடாது என்றார். வீரர்களை எடுப்பதற்குக் கிளப் ஒரு குழுவை அமைத்தது. ராட்ஜர்ஸும் அதில் ஒருவர். 2014 கோடையில் மரியோ பலோட்டெல்லி லிவர்பூலுக்கு வரமாட்டார் என்று பத்திரிகையாளர்களிடம் அடித்துச் சொன்னார். அதே மாதம் பலோட்டெல்லி வந்து சேர்ந்தார். அந்த லீக் சீசனில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். அடுத்த ஆண்டு 3.25 கோடி பவுண்டுக்கு பென்டெக்கே, கூடவே ஃபிர்மினோ. இவர்களில் யார் ராட்ஜர்ஸ் கேட்ட ஆள், யார் குழு எடுத்த ஆள் என்று ஊரே பேசியது. 2015 அக்டோபரில் ராட்ஜர்ஸ் போனார், குழுவில் பலர் தொடர்ந்தார்கள்.

அடுத்து வந்த யூர்கன் கிளாப்பிடம் இன்னொரு பாடம் இருக்கிறது. 2017-இல் அவர் மனதில் இருந்தது ஜெர்மன் வீரர் யூலியான் பிரான்ட். ஸ்போர்ட்டிங் டைரக்டர் மைக்கேல் எட்வர்ட்ஸும் வீரர் தேர்வுப் பிரிவினரும் முகமது சாலாவை எடுங்கள் என்று விடாமல் சொன்னார்கள், கிளாப் இசைந்தார். சாலா அந்த முதல் சீசனில் லீகில் மட்டும் 32 கோல் அடித்தார். அவர்கள்தான் என்னை நச்சரித்தார்கள் என்று கிளாப் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். இதை எந்த ஒப்பந்தப் பிரிவும் வாங்கித் தராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கிளாப் மாட்டேன் என்று கடைசிவரை நின்றிருந்தால் தலையில் கட்டியிருப்பார்களா? எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது அந்த 'மாட்டேன்'. பேனா அவரிடமே இருக்கட்டும்.

வரைவில் மாற்றச் சொல்ல வேண்டியவை

'கலந்தாலோசித்து' என்பதற்கு வரையறை. வெறுமனே விட்டால், வாட்ஸாப்பில் பெயரை அனுப்பிவிட்டுப் பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கினாலும் கலந்தாலோசித்ததாகத்தான் ஆகும். வீரரைப் பற்றிய எழுத்து அறிக்கை உங்களுக்கு வர வேண்டும். பதில் சொல்ல இத்தனை நாள். உங்கள் கருத்து எழுத்தில் பதிவாக வேண்டும். முடிந்தால், கிளப்பைச் சேர்ந்த ஒருவராவது நேரில் பார்த்திருக்க வேண்டும். ஸ்பெயினின் செவில்யா கிளப்பில் ஸ்போர்ட்டிங் டைரக்டராக மோஞ்சி பல ஆண்டுகள் நடத்திய முறை இதற்கு நல்ல மாதிரி. பயிற்சியாளர் பெயரைச் சொல்வதில்லை; இந்த இடத்துக்கு இன்ன குணங்கள் உள்ள ஆள் வேண்டும் என்கிறார். தேடி வந்து பட்டியலை வைப்பது இயக்குநர் குழுவின் வேலை. கோச்கள் மாறிக்கொண்டே இருந்தும் அந்தக் கிளப் 2006-க்கும் 2023-க்கும் இடையில் ஏழு முறை ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையை வென்றது. அங்கே அவரோடு வேலை செய்த பயிற்சியாளர் உனாய் எமெரி, 2023-இல் தான் இருந்த இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவுக்கே மோஞ்சி வந்து சேருவதைப் பார்த்தார். தனக்கு ஒத்துப்போகும் ஸ்போர்ட்டிங் டைரக்டர் கிடைப்பது எந்த அதிகாரத்தையும்விடப் பெரிது.

வரம்புள்ள மறுப்புரிமை. எல்லா வீரருக்கும் கேட்காதீர்கள். குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல், அல்லது ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில், வருபவருக்கு மட்டும் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று கேளுங்கள். விற்பதில் மறுப்புரிமை கேட்க வேண்டாம். இரண்டாம் அடுக்குக் கிளப்புக்கு நல்ல விலை வரும் நாள் அடிக்கடி வராது. முதலாளி அதை விட்டுத் தரவும் மாட்டார், விட்டுத் தரவும் கூடாது.

ஆட்ட அணி உங்களுடையது. பயிற்சி, ஆட்டமுறை, யார் களமிறங்குவது, யார் பெஞ்சில் என்பவை தலைமைப் பயிற்சியாளரின் முடிவு மட்டுமே என்று எழுத வையுங்கள். இதை யாரும் மறுக்க மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் பெரும் பணம் கொடுத்து எடுத்த ஆள் பெஞ்சில் உட்காரும்போது வரும் போன் அழைப்பை நீங்கள் உதவிப் பயிற்சியாளராக இருந்தே கேட்டிருப்பீர்கள். உதவியாளர்களைத் தேர்வதிலும் உங்கள் சம்மதம் இருக்கட்டும்.

வெளியேறும் வழி. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். 'காரணத்தோடு நீக்கம்' என்பதற்குள் ஆட்ட முடிவுகள் வரக்கூடாது. காரணமில்லாமல் நீக்கினால் மீதிக் காலச் சம்பளம், எத்தனை நாளில் என்பதோடு. புதிய வேலை கிடைத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதும் தெளிவாக வேண்டும். உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடையும் இங்கேதான்: அமெரிக்க ஒப்பந்தங்களில் 'தகுந்த காரணத்தோடு விலகல்' என்று ஒரு பிரிவு வைப்பது உண்டு. மறுப்புரிமையை மீறி வீரரை எடுத்தாலோ, அணித் தேர்வில் தலையிட்டாலோ, நீங்கள் எழுத்தில் முறையிட்டும் குறித்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், விலகினாலும் நீக்கப்பட்டதாகவே கணக்கு. அந்தப் பிரிவு இல்லையென்றால், கோபத்தில் விலகினால் கைக்காசும் போகும். 2021 ஜனவரி முதல் ஃபிஃபா விதிகளிலும் பயிற்சியாளர் ஒப்பந்தங்களுக்கென ஒரு பகுதி உண்டு. வெளிநாட்டவரான நீங்கள் ஃபிஃபாவிடம் முறையிட முடியுமா என்பது, தகராறு எங்கே தீர்க்கப்படும் என்று உங்கள் ஒப்பந்தம் சொல்வதைப் பொறுத்தது. அந்தப் பிரிவையும் வாசியுங்கள்.

ஏஜென்ட் விவகாரம். உங்கள் ஏஜென்டே வீரர்களையும் அனுப்புபவரா? அப்படியானால் அவருடைய வீரர் எவர் விஷயத்திலும் நீங்கள் கருத்துச் சொல்வதில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜி.எம்.முக்கும் இதே வெளிப்படுத்தல் கடமை வேண்டும் என்று கேட்க அது உங்களுக்கு உரிமையும் தரும். ஏஜென்ட் வீடியோவில் வந்த அந்த ஸ்ட்ரைக்கர் கதையை இதற்குமேல் நான் கிளற விரும்பவில்லை.

இரண்டு தொப்பியும் வேண்டுமா?

நண்பர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. புரூஸ் அரீனா எல்.ஏ. கேலக்ஸியில் கோச்சாகவும் ஜி.எம்.மாகவும் இருந்துகொண்டு அமெரிக்காவின் முதல் அடுக்கு லீகான எம்.எல்.எஸ்.ஸின் கோப்பைகளை 2011, 2012, 2014-இல் வென்றார். ஆனால் அங்கே வரும்போது அவர் எட்டு ஆண்டுகள் அமெரிக்கத் தேசிய அணியை நடத்தி முடித்தவர். பாப் பிராட்லி அதே லீகின் டொரன்டோ எஃப்.சி.யில் 2021 நவம்பரில் இரண்டு பொறுப்பையும் ஏற்றார். 2023 ஜூனில் இரண்டும் ஒரே நாளில் போயின.

அந்த வேலையின் மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். எம்.எல்.எஸ்.ஸில் சம்பள வரம்பு, வரம்புக்கு வெளியே மூன்று நட்சத்திர வீரர்கள், வரம்பைத் தாண்டிச் செலவிட லீக் தரும் ஒதுக்கீட்டுப் பணம் என்று ஜி.எம். தலையில் ஒரு தனிக் கணக்குப் புத்தகமே ஓடும். இன்டர் மயாமி கிளப் 2020-இல் பிளேஸ் மட்டுய்டி என்ற வீரரைத் தவறான வகையில் கணக்கு காட்டியது, வேறு சில சம்பளங்களையும் குறைத்துச் சொன்னது. மறு ஆண்டு லீக் 20 லட்சம் டாலர் அபராதம் போட்டு, 2022, 2023 சீசன்களின் ஒதுக்கீட்டுப் பணத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் வெட்டியது. முன்னாள் ஸ்போர்ட்டிங் டைரக்டருக்கு 2022 முடியும்வரை தடை. பயிற்சியாளர் யாருக்கும் தண்டனை இல்லை; ஆனால் குறைந்த பணத்தில் அணி கட்ட வேண்டிய கஷ்டம், அந்த ஒப்பந்தங்களில் தொடர்பே இல்லாமல் அடுத்துப் பயிற்சியாளராக வந்த ஃபில் நெவிலுக்கு வந்தது. உங்கள் லீகில் வீரர்கள் நேரடியாகக் கிளப்போடு ஒப்பந்தம் செய்கிறார்கள், இத்தனை சிக்கல் கிடையாது. இருந்தாலும் முதல் சீசனில் பயிற்சி மைதானத்தையும் சம்பளப் பேச்சையும் சேர்த்துச் சுமக்க நான் சொல்ல மாட்டேன். காலையில் பேரம் பேசிச் சம்பளத்தைக் குறைத்த வீரரை மாலையில் உயிரைக் கொடுத்து ஓடு என்று சொல்வதும் எளிதல்ல.

இனி, பதவி ஏற்றபிறகு ஒரு எச்சரிக்கை. தோற்ற நாளில் பத்திரிகையாளர் முன்னால் "இவர் நான் கேட்ட ஆள் இல்லை" என்று வாய் தவறக்கூடச் சொல்லாதீர்கள். கிளப்பைத் தாழ்த்திப் பேசக் கூடாது என்ற பிரிவு உங்கள் வரைவிலும் இருக்கும். அதை மீறினால் காரணத்தோடு நீக்க நீங்களே வழி செய்து கொடுப்பீர்கள். உடைமாற்றும் அறையில் அந்த வீரரும் மற்றவர்களும் அதைப் படிப்பார்கள். மறுப்பு எழுத்தில், ஜி.எம்.முக்கு, அவர் கையெழுத்திடுவதற்கு முன்பு. அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஜி.எம். வாயால் சொன்னதை நீங்களே பணிவாக ஒரு மின்னஞ்சலில் எழுதி, "நாம் பேசியபடி இதை ஒப்பந்தத்தில் சேர்க்க விரும்புகிறேன்" என்று அனுப்புங்கள். அவர் பதிலில் வேண்டிய அளவு தெரிந்துவிடும். சந்தோஷமாகச் சேர்த்தால் நல்லது. "நமக்குள் எதற்கு எழுத்து" என்றால், மறுப்புரிமையை விட்டாலும் வெளியேறும் பிரிவை விடாதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் வேலைச் சட்டம் மாறும் என்பதால், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் முழு வரைவையும் ஒருமுறை பார்க்கட்டும். பழைய தலைமைப் பயிற்சியாளரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவருடைய தொகை, சமரச விவரம் எதையும் கேட்க வேண்டாம், ரகசியப் பிரிவில் கையெழுத்திட்டிருப்பார். ஸ்ட்ரைக்கரை வேண்டாம் என்று அவர் எழுத்தில் சொன்னாரா, வாயால் சொன்னாரா என்று மட்டும் கேளுங்கள்.